நாய் குடித்தனக்காரருடையது, வாசற்கதவு வீட்டுக்காரருடையது!

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம். சென்னை ராயபுரத்தில், எந்நேரமும் சனநெருக்கடி மிகுந்த ஜி.ஏ. சாலையில், ஒரே ஒரு தெருநாய் சிறிது நேரத்திற்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்துக் குதறியது. கடிபட்டவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு விரைந்தனர். அந்த நாய்க்கு வெறிநோய் இருந்தது பின்னர் பரிசோதனையில் உறுதியானது.

2024ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி. ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் இன வளர்ப்பு நாய்கள் கடித்துப் படுகாயப்படுத்தின. நாய்களை வளர்த்தவர் கைது செய்யப்பட்டார்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் இன வளர்ப்பு நாய் ஒன்று கடித்து ஒருவர் உயிரிழந்தார். அதே மாதத்தில்தான் தில்லித் தெருநாய்கள் குறித்த உச்ச நீதிமன்றத்தின் ஆணைகள் நாடு முழுவதும் விவாதப் பொருளாயின. நவம்பர் 7ஆம் தேதி, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

தமிழகத்தில் 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாயின என்பது அரசின் கணக்கு. ஆகவே இவ்விவாதம் தேவையானதுதான். ஆனால் விவாதம் முழுவதும் தெருவிலேயே நின்றுவிட்டது. தெருவில் கடித்தால் மாநகராட்சியைக் கேட்கிறோம். பூங்காவில் கடித்தால் நாயை வளர்த்தவரைக் கேட்கிறோம். பல குடித்தனங்கள் வாழும் ஒரு வாடகை வீட்டுக் காம்பவுண்டின் கதவுக்கு உள்ளே, ஒரு குடித்தனக்காரரின் நாய் இன்னொரு குடித்தனக்காரரின் குழந்தையைக் கடித்தால் யாரைக் கேட்பது? நாயை வளர்த்தவரை மட்டுமா? மாதாமாதம் இருவரிடமும் வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு இதில் பங்கே இல்லையா? இக்கேள்வியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வட சென்னையின் வீடுகள்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் வாழ்வோருக்கு இக்கேள்வியின் கனம் எளிதில் புரியும். துறைமுகத்தையும் மீன்பிடித் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வந்த உழைப்பாளர் குடும்பங்கள் வாழும் பகுதி இது. ஒரே வாசல், நீளமான ஒரு நடை, அதன் இருபுறமும் வரிசையாக ஒற்றை அறைப் போர்ஷன்கள், கோடியில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் என்று எத்தனையோ காம்பவுண்டுகள் இன்றும் உள்ளன. மேலே மாடி எழும்பியிருக்கலாம். ஆனால் படிக்கட்டு ஒன்றுதான், மொட்டை மாடியும் ஒன்றுதான்.

இத்தகைய இடத்தில் நாய் ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட விவகாரமாக இருக்க முடியாது. கோடி வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போவதற்கு முதல் வீட்டு நாயைத் தாண்டித்தான் போக வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குக் காசிமேட்டு ஏலத்திற்குக் கூடையுடன் கிளம்பும் தாயும், நள்ளிரவுப் பணி முடிந்து திரும்பும் தொழிலாளியும் இருட்டில் அதே நடையில்தான் வர வேண்டும்.

இங்கே மூன்று வகை நாய்களைக் காணலாம். முதலாவது, குடித்தனக்காரர் ஒருவர் தன் சொந்த விருப்பத்திற்கு வளர்ப்பது. இரண்டாவது, வீட்டுக்காரரே காவலுக்கென்று கட்டி வைத்திருப்பது. மூன்றாவது, யாருடையதும் அல்லாத நாய். எல்லா வீட்டிலும் அதற்குச் சோறு கிடைக்கும். இரவில் படிக்கட்டின் கீழ் படுத்துக்கொள்ளும். அது யாரையாவது கடித்துவிட்டால் மட்டும், "அது எங்க நாய் இல்லீங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு இம்மூன்றிலும் விடை ஒன்றாக இருக்க முடியாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு விலங்குகள் தொடர்பான கவனக்குறைவைக் குற்றமாக்குகிறது. தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கும்போது, அதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவாக இருந்தது இதுதான். அப்போது அபராதம் 1,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'தன் வசமுள்ள' என்பது. நாய் யார் வசம் இருக்கிறதோ அவரே குற்றவாளி. ஆகவே முதல் வகை நாய் கடித்தால், இப்பிரிவின் கீழ் குடித்தனக்காரரே பதில் சொல்ல வேண்டும்; வீட்டின் உரிமையாளர் என்பதனாலேயே வீட்டுக்காரரைச் சேர்க்க இயலாது. இரண்டாவது வகையில் வீட்டுக்காரர் தப்ப முடியாது. மூன்றாவது வகையில், சோறு போட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டவர் யார் என்பதைப் பொறுத்தது வழக்கு.

தண்டனை வேறு, இழப்பீடு வேறு. மருத்துவச் செலவு, இழந்த கூலி, வேதனை ஆகியவற்றுக்கு ஈடு கேட்பது உரிமையியல் வழக்கு. இதற்கு நம் நீதிமன்றங்கள் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் கோட்பாடுகளையே பெரிதும் பின்பற்றி வருகின்றன. புலி, கரடி போன்றவற்றை வைத்திருப்பவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. ஆனால் நாய் போன்ற வீட்டு விலங்கு என்றால், அதன் கடிக்கும் குணம் வளர்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று கேட்கப்படும். தெரிந்திருந்தால் பொறுப்பு உறுதி. தெரியாவிட்டாலும், கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் பொறுப்பு உண்டு.

வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, குடித்தனக்காரரின் நாய்க்கு அவர் பொறுப்பு என்று சொல்லும் தனிச் சட்டப் பிரிவு நம்மிடம் இல்லை. எனினும் அதே பொதுச் சட்டத்தில் இன்னொரு கோட்பாடு உண்டு. வாடகைக்கு விட்ட அறைகள் குடித்தனக்காரர் வசம் போய்விடுகின்றன. ஆனால் படிக்கட்டு, நடை, முற்றம், மொட்டை மாடி போன்ற பொதுப் பகுதிகள் வீட்டுக்காரரின் கட்டுப்பாட்டிலேயே தங்கிவிடுகின்றன. தன் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் வந்து போவோருக்குத் தீங்கு நேராமல் நியாயமான கவனம் செலுத்துவது அவருடைய கடமை. 1951ஆம் ஆண்டு தில்லியில் மணிக்கூண்டு ஒன்று இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில், கட்டடத்தின் உரிமையாளரான மாநகராட்சி போதிய கவனம் செலுத்தவில்லை என்று 1966இல் உச்ச நீதிமன்றம் அதைப் பொறுப்பாக்கியது. அது சுவரைப் பற்றிய வழக்கு, நாயைப் பற்றியதன்று என்பது உண்மையே. ஆனால் உரிமை இருக்குமிடத்தில் கவனமும் இருக்க வேண்டும் என்ற அடிப்படை ஒன்றுதானே!

எனவே குடித்தனக்காரரின் அறைக்குள் நடந்த கடிக்கும், பொது நடையில் நடந்த கடிக்கும் வேறுபாடு உண்டு. பொது நடையில் ஒரு முரட்டு நாய் நாள்தோறும் அவிழ்த்துவிடப்படுகிறது, பலரும் வீட்டுக்காரரிடம் முறையிட்டுவிட்டார்கள், அவரோ கண்டுகொள்ளவில்லை என்றால், "நாய் என்னுடையது அல்ல" என்ற ஒற்றை வாக்கியத்தால் அவர் கை கழுவிவிட முடியாது.

பிற நாடுகளின் அனுபவம்

இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த நீதிமன்றங்கள் அமெரிக்காவில் உள்ளன. 1975ஆம் ஆண்டு கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. குடித்தனக்காரரின் நாய் ஒரு சிறுமியைக் கடித்துக் காயப்படுத்தியது. அந்நாய் ஆபத்தானது என்பது வீட்டின் உரிமையாளருக்குத் தெரியும் என்று வாதிடப்பட்டது. மாத வாடகை முறை ஆதலால், அறிவிப்புக் கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. நீதிமன்றம் இரண்டு அளவுகோல்களை வைத்தது: நாய் ஆபத்தானது என்பது வீட்டு உரிமையாளருக்கு உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும்; அதை அகற்றச் செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தும் சும்மா இருந்தால் அவர் பொறுப்பு. அதே வேளையில், வீடு வீடாகச் சென்று நாய்களைச் சோதிக்கும் கடமை அவருக்கு இல்லை என்றும் அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. 1984இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமும், கொடிய குணமுள்ள நாயைக் குடித்தனக்காரர் வைத்திருப்பார் என்று தெரிந்தே வீட்டை வாடகைக்கு விட்டவரைப் பொறுப்பாக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. எனினும் 'தெரிந்திருந்ததா?', 'தடுக்க முடிந்ததா?' என்ற அந்த இரண்டு கேள்விகளும் நம் காம்பவுண்டுகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

நம் வாசல்களில் தொங்கும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாய் கடிக்கும் என்பது மாட்டியவருக்குத் தெரியும் என்பதற்கு அப்பலகையே சாட்சியாகவும் மாறலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையை எந்தப் பலகையும் காப்பாற்றாது.

மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான நீதி

இந்த அளவுகோல்கள் அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டாம். இன்றைய ஈராக் பகுதியில், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் இருந்த எசுனுன்னா என்ற நகரின் சட்டத் தொகுப்பில் நாய்க்கடிக்கே ஒரு சட்டம் இருக்கிறது. நாய் ஆபத்தானது என்று அதிகாரிகள் அதன் உரிமையாளருக்கு அறிவித்த பின்னும் அவர் அதைக் கட்டுப்படுத்தாமல் விட்டு, அது கடித்து ஒரு மனிதர் இறந்தால், உரிமையாளர் 40 செக்கேல் வெள்ளி தர வேண்டும். இறந்தவர் அடிமையென்றால் 15 செக்கேல். ஏழையின் உயிருக்கு விலை குறைத்த அக்காலத்தின் அநீதி அதிலேயே தெரிகிறது. ஆனாலும் 'அறிவிக்கப்பட்ட பின்னும்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள்.

திருவிவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம் முட்டும் மாட்டைப் பற்றிப் பேசுகிறது. மாடு எதிர்பாராமல் ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால், மாடு கொல்லப்பட வேண்டும். உரிமையாளர் மீது குற்றம் இல்லை. ஆனால் அந்த மாடு முன்பிருந்தே முட்டும் பழக்கமுடையது, உரிமையாளருக்கு எச்சரிக்கையும் செய்யப்பட்டது, அப்படியிருந்தும் அவர் அதைக் கட்டி வைக்கவில்லை என்றால், அவரும் குற்றவாளியே. பலியானது ஒரு மகனோ மகளோ ஆனாலும் அதே சட்டம்தான் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. பிள்ளைகளின் உயிர் இரண்டாம் தரமானதன்று.

மாட்டுக்காரருக்குச் சட்டம் சொன்ன அதே மறைநூல் வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. இல்லையேல் யாரேனும் அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும். விழுந்தவர் தன் காலால் நடந்துபோய்த்தான் விழுந்தார். வீட்டுக்காரர் அவரைத் தள்ளிவிடவில்லை. ஆயினும் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து தடுத்திருக்க வேண்டியவர் அவர். மாட்டுக்காரரின் சட்டமும் மாடிச் சுவரின் சட்டமும் சேருமிடம்தான் நம் வாடகைக் காம்பவுண்டு!

வீட்டுக்காரரின் பக்கத்து நியாயம்

"வாடகை வாங்குவது ஒரு குற்றமா? குடித்தனக்காரர் செய்வதற்கெல்லாம் நான் போலீஸ் வேலை பார்க்க முடியுமா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வட சென்னையில் வீட்டுக்காரர் என்றாலே செல்வந்தர் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே தான் குடியிருந்துகொண்டு, மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் கடனை அடைக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் கைம்பெண்களும் ஏராளம். ஆபத்து என்று தெரியாத ஒன்றுக்கு அவர்களைத் தண்டிப்பது அநீதி. அதனால்தான் 'தெரிந்திருந்ததா?' என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

பொறுப்பு என்று சொன்னவுடன், "இனி நாய் வைத்திருப்பவர்களுக்கு வீடே இல்லை" என்று முடிவெடுப்பதும் தீர்வாகாது. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதற்கே தடை விதிக்க முடியாது. தடுப்பூசி போட்ட, பழக்கப்படுத்தப்பட்ட நாய் யாருக்கும் எதிரி அன்று. தனியாக வாழும் முதியவருக்கு அது துணை.

பிடிக்காத குடித்தனக்காரரை விரட்ட நாய் ஒரு சாக்காகிவிடும் அபாயமும் உண்டு. இங்கேதான் சட்டத்தின் வழி உதவுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் (2017), வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதையும், அதன் ஒரு வகையாகப் பொதுமக்களுக்குத் தொல்லை ஏற்படுத்துவதையும் காலி செய்யக் கோருவதற்குரிய காரணமாக ஏற்கிறது. ஆனால் உடனடியாக வெளியேற்ற முடியாது. முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால்தான் வாடகை நீதிமன்றத்தை நாட முடியும். வீட்டுக்காரருக்கு அதிகாரமும் இருக்கிறது, அதற்கு வரம்பும் இருக்கிறது. அதிகாரம் இருப்பதனால்தான் "நான் என்ன செய்ய முடியும்?" என்று அவர் கைவிரிக்க முடியாது.

கடிபட்டவர் வாய் திறக்காதபோது

இதுவரை குடித்தனக்காரரின் நாயைப் பற்றிப் பேசினோம். கடித்தது வீட்டுக்காரரின் நாயாக இருந்தால்? சட்டப்படி இது எளிய வழக்கு: நாயும் அவருடையது, இடமும் அவருடையது. நடைமுறையிலோ இதுவே மிகக் கடினமான வழக்கு. ஏனெனில் கடிபட்ட குடும்பம் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் வீடு போய்விடும் என்ற அச்சம்! பெரும்பாலான இடங்களில் எழுத்து ஒப்பந்தம் கிடையாது. வாய்ப்பேச்சும் அட்வான்ஸ் பணமும்தான் ஒப்பந்தம். அந்த அட்வான்ஸ், பல மாத வாடகையைச் சேர்த்து, நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமாக இருக்கும். பிள்ளையின் பள்ளி பக்கத்தில், கணவரின் வேலை பக்கத்தில் இன்னொரு வீடு உடனே கிடைக்காது. ஆகவே தாய் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "லேசா கீறிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறாள்.

இந்த மௌனம் உயிரையே பறிக்கக்கூடும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இயலாத காரியம். கடித்தது வீட்டு நாயோ தெரு நாயோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று இலவசத் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். சொன்ன நாள்களில் தவறாமல் முடிக்க வேண்டும். காயம் ஆழமானால், காயத்திலேயே போடப்படும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. கடித்த விவரத்தை மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பின்னாளில் இழப்பீடு கேட்க அதுவே முதல் ஆதாரம்.

புகார் கொடுத்ததற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று மேற்சொன்ன வாடகைச் சட்டமே கூறுகிறது. வழக்குச் செலவுக்கு வழியில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். கடிபடுவோரில் குழந்தைகள் எத்தனையோ பேர் என்பதால் இதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

குடோன் வாசலிலும் இதே கதை

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ச் சாலைகளில் கன்டெய்னர் யார்டுகளும் குடோன்களும் லாரி ஷெட்டுகளும் வரிசையாக உள்ளன. இவற்றில் பல, ஒருவரின் நிலத்தை இன்னொருவர் வாடகைக்கு எடுத்து நடத்துபவை. காவல் பணி மூன்றாவது ஒருவரின் நிறுவனத்திடம் இருக்கும். இரவுக் காவலுக்கு நாய்கள் உண்டு. வாட்ச்மேனின் குடும்பமே உள்ளே தகரக் கொட்டகையில் குடியிருப்பதும் உண்டு. அக்குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம் அந்த யார்டுதான். ஆயிரம் விளக்கில் கடிபட்டதும், தந்தை காவல் காத்த இடத்திலேயே வாழ்ந்த ஒரு சிறுமி என்பதை இங்கே நினைவுகூர்வோம்.

இங்கே கடி நேர்ந்தால் நிலத்துக்காரர் யார்டுக்காரரையும், யார்டுக்காரர் காவல் நிறுவனத்தையும் கைகாட்டுவார்கள். கடிபட்டவர் தொழிலாளியாக இருந்து, அது வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்தால், முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாமலேயே இழப்பீடு கோர முடியும். 1923 முதல் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இக்கொள்கை, 2025 நவம்பரில் அதன் இடத்திற்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் வாட்ச்மேனின் குழந்தை தொழிலாளி அன்று. அக்குழந்தைக்கு இந்த வாசல் அடைபட்டே இருக்கிறது. அங்கே மீண்டும் அதே இரண்டு கேள்விகள்தான்: யாருக்குத் தெரிந்திருந்தது? யாரால் தடுக்க முடிந்தது?

இனி என்ன செய்யலாம்?

நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்காமல், இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

வீட்டுக்காரர்களுக்கு: வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். நாய் வளர்க்கலாம், ஆனால் மாநகராட்சி உரிமமும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம், பொது நடையிலும் படிக்கட்டிலும் சங்கிலி இல்லாமல் விடக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். உரிமம் பெறாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று பெருநகர சென்னை மாநகராட்சி 2025இல் முடிவெடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இனங்களைப் புதிதாக வளர்ப்பதற்கும் தடை விதித்தது. எனவே உரிமத்தைக் காட்டச் சொல்வது அத்துமீறல் ஆகாது. யாரேனும் முறையிட்டால் அன்றே பேசுங்கள். கேட்காவிட்டால் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள்.

நாய் வளர்ப்போருக்கு: உங்களுக்கு வாலாட்டும் நாய் மற்றவருக்கும் வாலாட்டும் என்று நம்பாதீர்கள். ஒற்றை அறைக்குள் நாளெல்லாம் கட்டிப் போடப்படும் நாய் முரடாவது இயற்கை. அதற்கு நடையும் உணவும் மருத்துவமும் தர இயலாதவர் நாய் வளர்ப்பது அந்த உயிருக்கும் செய்யும் அநீதி.

மற்றக் குடித்தனக்காரர்களுக்கு: முதல் முறை பாயும்போதே சொல்லுங்கள். வாயால் சொன்னதை ஒரு தாளிலும் எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரியாது" என்று பின்னர் யாரும் சொல்லாதபடி செய்வது அந்தத் தாள்தான். தனியாகச் சொல்ல அஞ்சினால் நான்கு குடும்பமாகச் சேர்ந்து கையொப்பமிடுங்கள். எல்லோருக்கும் பொதுவாக வாழும் காம்பவுண்டு நாயை அடிக்கவோ வேறு ஊரில் கொண்டுபோய் விடவோ வேண்டாம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொன்னால் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடுவார்கள் என்பதே 2023ஆம் ஆண்டின் விதிகள் காட்டும் பொது வழி.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். தெரு விலங்குகளால் நேரும் காயங்களுக்கு, ஒவ்வொரு பல் தடத்திற்கும் குறைந்தது 10,000 ரூபாய் என்று 2023இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் ஓர் அளவு வகுத்தது. கதவுக்கு உள்ளே கடிபடும் குழந்தைக்கு அத்தகைய அளவு எதுவும் இல்லை. வீட்டுக்காரரின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வாடகைச் சட்டத்திலேயே ஒரு விதியாகச் சேர்த்தால், ஏழைகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிராது. நல்ல வீட்டுக்காரர்களும் வீண் பழிக்கு அஞ்ச வேண்டியிராது.

அன்பார்ந்த வாசகர்களே, வீடு என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் அன்று. பயமின்றி உள்ளே வரவும் பயமின்றி வெளியே போகவும் முடிந்தால்தான் அது வீடு. வாடகை வாங்குகிறவர், மாதந்தோறும் அந்தப் பயமின்மைக்கும் சேர்த்தே பணம் வாங்குகிறார். அடுத்த முறை ஒரு குடித்தனக்காரப் பெண் வந்து, "அந்த நாயைக் கொஞ்சம் கட்டி வைக்கச் சொல்லுங்கண்ணே, பிள்ளை பயப்படுது" என்று சொல்லும்போது, அதைப் பெண்களின் சச்சரவு என்று ஒதுக்கிவிடாமல், அன்று மாலையே அந்தக் கதவைத் தட்டிப் பேசுவோமா?